திம்புள்ள நாட்டுக்கு முதலிடம்

சமதளத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. மலையில் நின்று எதை வீசினாலும் அது தூரமாகத்தான் போகும். கல்லோ, கட்டையோ, கோபத்தில் எறிந்த சாப்பாட்டுத் தட்டோ, எதுவானாலும் சரி. வீசியவன் கையில் பலம் அதிகமா, மலையில் சரிவு அதிகமா என்று யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. அதனால்தான் ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் மாதம், நுவரெலியாவில், ஆறு நாட்டு வீரர்கள் மோதிய சர்வதேச ஈட்டி எறிதல் போட்டியில் நானும் ஒரு வீரனாக நிற்க நேர்ந்தது.

சர்வதேசம் என்பது துரைமார் கிளப் வைத்த பெயர். பெரிய வெள்ளைத் துணியில் எழுதி இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். வேலையாகவும் வியாபாரமாகவும் மலைநாட்டுக்கு வந்து தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்களை வைத்து ஓட்டம், தாண்டல், எறிதல் என்று நடத்திய மெய்வல்லுநர் போட்டி அது. (ஒரு நாட்டுக்காரர் ஒருவர் அகப்பட்டால் போதும், அவரே தேசிய அணி.) அந்த வருடம் தோட்டத்து ஆட்களும் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் தோட்டம் திம்புள்ளப் பகுதியில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு எண் அடிக்கும் வேலை. தோட்டம் முழுக்கத் தேடினாலும் தட்டையான நிலம் என்று ஒன்றுதான் உண்டு, ஆற்றோரத்து மைதானம். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடுவது, திருவிழாவுக்குக் கூத்துப் போடுவது, கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது எல்லாம் அங்கேதான். அதைக் கொத்தித் தேயிலை நாற்று போடப் போவதாகத் தோட்டத்தை நடத்திய பெரிய துரை சொன்னார். எங்கள் வாலிபர் சங்கத்தின் செயலாளர் செபமாலை, என்னையும் இழுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்க் கெஞ்சினான்.

துரைக்குத் தமிழ் வரும். ஆனால் கட்டளையிடும் அளவுக்குத்தான் வரும்.

"நுவரெலியா போ. பஸ்ட் ப்ரைஸ் கொண்டு வா. கிரவுண்ட் ஒனக்கு. ப்ரைஸ் இல்லே, கிரவுண்ட் இல்லே. போ."

ஓட்டத்துக்கும் தாண்டுவதற்கும் ஏற்கனவே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஈட்டி. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு மேலிருந்து கல் வீசி, கீழே கிழங்குப் பாத்தியைக் கிண்டிய காட்டுப் பன்றியை ஒருமுறை அடித்தவன் என்பதால் செபமாலை என்னைத் தேர்ந்தெடுத்தான். தொழிற்சாலைப் பட்டறையில் ஒரு மூங்கிலுக்கு இரும்பு முனை வைத்துக் கொடுத்தார்கள். மைதானத்தில் எறிந்த முதல் எறியே துரையின் மாட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டது. அதன்பிறகு மைதானத்தில் ஈட்டிக்குத் தடை. லயத்துக்குப் பின்னால் இருந்த புல் சரிவின் உச்சியிலிருந்துதான் பயிற்சி.

அங்கே நான் எறிந்தால் ஈட்டி கீழ்நோக்கிப் பாய்ந்து ஓடைப்பக்கம் போய்க் குத்தி நிற்கும். செபமாலை காலடி வைத்து அளந்துகொண்டே இறங்குவான். எங்கேயோ கிடைத்த பழைய பத்திரிகைத் துண்டில் உலக சாதனைத் தூரம் இருந்தது.

"டேய்! வெள்ளக்காரன் சாதனைய நீ போன வாரமே தாண்டிட்ட!" என்று கீழேயிருந்து கத்தினான்.

நான் நம்பினேன். தோட்டமும் நம்பியது. அம்மா மட்டும் வேறு கவலையில் இருந்தாள்.

"ஏண்டா, அம்புட்டுத் தூரம் எறிஞ்சா திரும்ப யாரு மேட்டுல ஏறி எடுத்துட்டு வாரது? கிட்டக்க எறியேன்."

போட்டியன்று தேயிலை லொறியில் தோட்டமே நுவரெலியா வந்து இறங்கியது. மூடுபனி, அதோடு தூறல். பெயர் பதியும் மேசையில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எந்த நாடு?"

"இலங்கைங்க."

"இலங்கைக்குப் பொலிஸ்காரர் ஒருத்தர் நிக்கிறார். ஒரு நாட்டுக்கு ஒராள்தான்."

"அப்ப இந்தியானு போட்டுக்கங்க."

"இந்தியாவுக்கு பேங்க்காரர் நிக்கிறாரே."

செபமாலை குறுக்கே புகுந்தான். "ஐயா, இந்த நாட்டுச் சட்டம் இவன் இங்கத்த ஆளு இல்லேன்னு சொல்லுது. இந்தியா போனா, நீ இங்க பொறக்கலேன்னு சொல்லும். எதையாச்சும் போடுங்க, மழ வரப்போவுது."

கிளாக்கர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எங்கை பிறந்தனீர்?"

"திம்புள்ளங்க."

அதையே எழுதிவிட்டார். இப்படியாக ஆஸ்திரேலியா (தேயிலை ருசி பார்ப்பவர்), ஸ்கொட்லாந்து (பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை), ஜெர்மனி (தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் பூட்ட வந்த இன்ஜினியர்), இந்தியா, இலங்கை ஆகியவற்றோடு ஆறாவது நாடாகத் திம்புள்ள களத்தில் இறங்கியது. தேசியச் சீருடை: அண்ணனின் அரைக்காற்சட்டை, பின் குத்திச் சுருக்கியது. சப்பாத்து கிடையாது, வெறுங்கால்.

ஆளுக்கு மூன்று எறி. நான் கடைசி ஆள். நடுவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். ஈட்டியின் முனைதான் முதலில் தரையைத் தொட வேண்டும், எறிபவர் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விதிகளை விளக்கினார். ஒரு கையில் வெள்ளைக் கொடி, மறு கையில் சிவப்பு. சிவப்பை உயர்த்தும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். எதிர்க்காற்று, ஈட்டியின் மூக்கைத் தூக்கித் தூக்கி விட்டது. ஆஸ்திரேலியா எறிந்தது மல்லாந்து விழுந்தது. சிவப்பு. ஸ்கொட்லாந்தின் ஈட்டி வால் பக்கமாக விழுந்தது. சிவப்பு. இந்தியாவும் இலங்கையும் கோட்டைத் தாண்டிக் குப்புற விழுவதில் ஒற்றுமையாக இருந்தன. ஜெர்மன்காரர் மட்டும் உண்மையான வீரர். அவருடைய ஈட்டி மைதானத்தின் கோடியிலிருந்த மரங்களுக்குப் பக்கத்தில் போய்க் குத்தி நின்றது. ஆனால் ஈரப் புல்லில் சப்பாத்து வழுக்கி, அவரும் ஈட்டியின் பின்னாலேயே பாதி வழி போய்விட்டார். சிவப்பு. ஐந்து பேருக்கும் மூன்று முறையும் இதே கதைதான்.

என் முதல் எறியில், பின்னால் இழுத்த ஈட்டி என் பிடரியிலேயே அடித்துக் கீழே விழுந்தது. இரண்டாவது, பக்கவாட்டில் போய் ஒரு மடக்கு நாற்காலியைத் துளைத்தது. அதில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரிய துரை, என் முதல் எறிக்காக என்னைத் திட்ட அப்போதுதான் எழுந்திருந்தார்.

"கிரவுண்ட் இல்லே!" என்று அங்கிருந்தே கத்தினார்.

செபமாலை ஓடி வந்து காதில் சொன்னான். "டேய், ஒன்னும் யோசிக்காத. நம்ம மலையில எறியிற மாதிரியே எறி."

அப்படியே எறிந்தேன். ஒரு மாதப் பயிற்சியில் என் கை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: சரிவைப் பார்த்துக் கீழ்நோக்கி எறிவது. சரிவு அன்று வரவில்லை. ஈட்டி என் கையை விட்டு இறங்கி, எதிரேயே, ஒரு லொறியின் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் செங்குத்தாகத் தரைக்குள் புகுந்து நின்று நடுங்கியது. காற்றுக்கு அதைத் தொடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

 மற்ற நாடுகள் சிரித்தன.

"என்னாடா இது, வேலிக்குக் கம்பு நட்டுட்ட!" என்றான் செபமாலை. நான் தலையைக் குனிந்துகொண்டு லொறியைத் தேடி நடந்தேன். மைதானம் போயிற்று. திங்கட்கிழமை மண்வெட்டிகள் வரும். முதல் நாற்றை என்னையே நடச் சொல்வார்கள்.

"நில்!" என்றது நடுவரின் குரல். திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் வெள்ளைக் கொடி.

முனை முதலில் தொட்டிருந்தது. மலைச் சரிவில் புல்லைக் கவ்விப் பழகிய என் வெறுங்கால்கள் கோட்டுக்கு இப்பால் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்தன. அன்று மாலை எறியப்பட்ட பதினெட்டு எறிகளில் செல்லுபடியானது அது ஒன்றுதான். அளவு நாடாவோடு மரங்களுக்குப் பக்கத்தில் காத்திருந்தவர்கள் என்னிடம் வந்து சேரவே நேரம் பிடித்தது. இருபத்தோரு அடி, நான்கு அங்குலம்.

"முதலிடம், திம்புள்ள!" என்றது ஒலிபெருக்கி.

ஜெர்மன்காரர் முதலில் கை கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

"நான் அப்பவே சொன்னேன்ல, கிட்டக்க எறியுன்னு!" என்று கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

முதல் பரிசுக்காரரின் தேசிய கீதத்தைக் கிராமபோனில் போடுவது அந்தப் போட்டியின் வழக்கம். ஐந்து நாடுகளுக்கு இசைத்தட்டு இருந்தது. திம்புள்ளைக்கு இல்லை. இசைத்தட்டுப் போடுபவர் வெறுங்கையோடு நடுவரைப் பார்த்தார். நடுவர் பெரிய துரையைப் பார்த்தார். நான் பரிசு மேடையில் நின்றபடி என் கால் விரல்களைப் பார்த்தேன்.

அப்போது தப்பு மேளத்தின் சத்தம் கேட்டது. எங்கள் தோட்டத்தில் காலையில் தப்படித்து ஆட்களை எழுப்பும் முத்தையா அண்ணன், வெற்றிக்கு அடிக்கவென்று தப்பைக் கொண்டுவந்திருந்தார். கொண்டாட்டத்துக்கு அடிக்க அவருக்கு எத்தனையோ அடி தெரியும். ஆனால் இத்தனை வெள்ளைக்காரர்களை ஒரே இடத்தில் பார்த்த பதற்றத்தில், கை தினமும் அடிக்கும் அடியையே அடித்துவிட்டது. அது பெரட்டுத் தப்பு, விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கூப்பிடும் அடி.

அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் யோசிப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அம்மா தோளில் இல்லாத கூடையைச் சரி செய்தாள். கங்காணி விரலை நீட்டித் தலைகளை எண்ணவே ஆரம்பித்துவிட்டார். யாரும் பேசவில்லை, அசையவில்லை.

அப்படியொரு ஒழுங்கான தேசிய மரியாதையை அந்த மைதானம் அன்றைக்கு வேறு எந்த நாட்டுக்கும் பார்க்கவில்லை. நடுவர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். ஆஸ்திரேலியா தொப்பியைக் கழற்றியது. சீமாட்டிகள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்கள். எல்லோரும் எழுந்த பிறகு, அந்தச் சத்தத்துக்கு எங்களை எத்தனையோ வருடமாக வரிசையில் நிற்க வைத்த எங்கள் பெரிய துரையும் எழுந்து, தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, முத்தையா அண்ணன் அடித்து முடிக்கும் வரை அசையாமல் நின்றார். முத்தையா அண்ணன் அவசரப்படவில்லை.

திங்கட்கிழமை துரை தொழிற்சாலைக்கு வந்தார்.

"கிரவுண்ட் ஒனக்கு," என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். "ஈட்டி போடாதே."

போடவில்லை. மைதானம் கடைசிவரை மைதானமாகவே இருந்தது. என் கல்யாணப் பந்தலும் அங்கேதான். தாலி கட்டி முடிந்ததும் செபமாலை என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தூரத்தை அடியிலோ கஜத்திலோ யாரும் அளப்பதில்லை. இருபத்தோரு அடி, நான்கு அங்குலத்துக்கு ஒரு திம்புள்ள என்று பெயர். தண்ணீர்க் குழாய் வீட்டிலிருந்து ஒன்றரைத் திம்புள்ள. கடை ஒன்பது. "இந்தா இருக்கு, மூணு திம்புள்ளகூட இல்ல, போய் மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாங்க, சாம்பியன்," என்று போத்தலை இன்றும் என் கையில்தான் கொடுக்கிறாள். கடைக்கு ஒன்பது என்று நான் திருத்துவதில்லை. இறக்கம்தானே, சீக்கிரம் போய்விடலாம்.