சின்னவர் பேரை அத்தை சொல்ல வேண்டும்

கோலியனூர்,
வியாழக்கிழமை.

கிளியனூர் பெரிய மாமா பச்சைமுத்து அவர்களுக்கு, தங்கள் தம்பி வீட்டு மருமகள் புனிதா வணங்கி எழுதுவது. இங்கே அத்தை, நான், சின்னவர், கறவை மாடு நால்வரும் உடம்பளவில் சுகம். அங்கே தாங்களும் பெரிய அத்தையும் மூட்டுவலி குறைந்து, மல்லாட்டைக் கொல்லையில் பன்றி இறங்கிக் கடலையைத் தோண்டாமல் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது, தாமதத்துக்கு மன்னிக்கவும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். அத்தை காதில் விழாமல் பேச இந்த வீட்டில் மாட்டுக்கொட்டகை ஒன்றுதான் இருக்கிறது, அங்கே சிக்னல் கிடையாது. தாங்களோ போனை ஸ்பீக்கரில் போட்டு டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் பேசுவீர்கள். ஆகவே கடிதம்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மாமா. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் திண்டிவனம் பிறப்புப் பதிவு ஆபீசுக்கு வர வேண்டும். வந்து எங்கள் அத்தையிடம், "குப்பம்மா, பேரைச் சொல்லும்மா, தப்பில்ல" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அத்தை கேட்பார்கள். அத்தை சொன்னால்தான் சர்டிபிகேட் மாறும். சர்டிபிகேட் மாறினால்தான் சின்னவர் மஸ்கட் போய் அவருடைய அப்பாவைப் பார்ப்பார்.

உங்கள் தம்பி மகன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறியபோது எனக்கு ஆறு மாதம். இப்போது பையனுக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம். லீவு கிடைக்கவே இல்லை. (அவர் பேரை எழுதாமல் "உங்கள் தம்பி மகன்" என்கிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். நான் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள், எனக்கு அந்த மாதிரி எல்லாம் கிடையாது. பெரியவர்களுக்கு எழுதுகிற கடிதத்தில் எழுத ஒரு மாதிரியாக இருக்கிறது, அது வேறு.) பையன் அப்பா என்றால் செல்போன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான் மாமா. சார்ஜ் போட்டால், "அப்பா சாப்பிடறாரு" என்கிறான். போன வாரம் போன் கை தவறித் தவிட்டு வாளிக்குள் விழுந்துவிட்டது. அப்பா செத்துப்போய்ட்டாரு என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் நிஜமாகவே மாரடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். இதற்கு மேலும் தாமதிக்க முடியாது. அங்கே கம்பெனியில் குடும்பத்தோடு தங்க வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். குடும்ப விசாவுக்கு அவர் எழுதியும் கொடுத்துவிட்டார். இந்த மாசக் கடைசிக்குள் பையனுடைய பாஸ்போர்ட் நம்பர் கொடுக்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

பாஸ்போர்ட்டுக்குத்தான் இப்போது வம்பு. இதன் ஆரம்பம் தாங்கள்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் ஆரம்பம் தாங்கள்தான். நான் மாசமாக இருந்தபோதே வளைகாப்பில் எல்லார் முன்னாலும், "பொறக்கறது ஆம்பளப் புள்ளன்னா எந் தம்பி பேருதான். வெங்கடாசலம். வேற பேரு வெச்சா நான் கிளியனூரத் தாண்டி வரமாட்டேன்" என்று சொன்னீர்கள். எல்லாருக்கும் சம்மதம். காலமான மாமா பேரைப் பேரனுக்கு வைப்பதில் அத்தைக்கும் கண்ணெல்லாம் தண்ணீர், அவ்வளவு சந்தோஷம். ஆனால் அத்தை வாழ்நாளில் தன் வீட்டுக்காரர் பேரை வாயால் சொன்னதில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. மூலைக்கடை வெங்கடாசலத்திடம் சோப்பு வாங்கப் போனால்கூட, "நம்மூட்டுப் பேருக்காரன் கடைக்குப் போயிக்கினு வரேன்" என்றுதான் சொல்வார்கள்.

பிரசவம் எங்கள் அம்மா ஊரான திண்டிவனத்தில், ஒரு நர்சிங் ஹோமில். நான் மயக்கத்தில். எங்கள் அம்மா வெந்நீர் வாங்கப் போயிருக்கிறார்கள். அப்பா வண்டியை நிழலில் நிறுத்தப் போயிருக்கிறார். பதிவுக்கு எழுதுகிற பெண் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து அத்தையிடம், "குழந்தைக்கு என்ன பேரு வெக்கப் போறீங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தை வாயைத் திறக்காமல் சுவரில் தொங்கின காலண்டரைக் காட்டியிருக்கிறார்கள். காலண்டரில் திருப்பதி பெருமாள். அந்தப் பெண் பெருமாளைப் பார்க்கவில்லை மாமா. பெருமாள் காலடியில் பெரிய எழுத்தில் "ஜெகதீசன் ஆயில் மில், மல்லாட்டை எண்ணெய் சுத்தமாக ஆட்டித் தரப்படும்" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். "ஜெகதீசனாம்மா?" என்றிருக்கிறாள். அத்தை தலையை ஆட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். ஏன் அத்தை ஆட்டினீங்க என்று இப்போது கேட்டால், "அதுவும் பெருமாளு பேருதானேம்மா. அந்தப் பொண்ணும் மரியாத தெரிஞ்ச பொண்ணு போல, பேரச் சொல்லாம வேற மாதிரி சொல்லுதுன்னு நெனச்சிக்கினேன்" என்கிறார்கள். இந்தப் பதிலில் நான் எங்கே போய்க் குறை கண்டுபிடிப்பது?

சர்டிபிகேட் வந்த அன்றே எங்கள் அப்பா அதைப் படிக்காமல் லேமினேட் செய்து பீரோவில் பூட்டிவிட்டார். படித்தவள் நான், ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை. ஊரில் கேம்ப் போட்டபோது ஆதாரில் நானே வெங்கடாசலம் என்று கொடுத்தேன். தடுப்பூசி அட்டையில் இன்னமும் "புனிதாவின் ஆண் குழந்தை" என்றுதான் இருக்கிறது. விசா மனுவில் வெங்கடாசலம். பிறப்புச் சர்டிபிகேட்டில் மட்டும் ஆயில் மில்.

இது எங்களுக்குத் தெரிந்ததே பாஸ்போர்ட் கவுண்டரில்தான். அங்கிருந்த ஆபீசர் காகிதங்களை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஜெகதீசன் யாரும்மா?"

"திண்டிவனத்துல எண்ணெய் ஆட்டறவர் சார்."

"அவருக்கும் இந்தக் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?"

ஒரு சம்பந்தமும் இல்லை சார் என்று நான் சொன்ன வேகத்தில் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீசர் நல்ல மனிதர். குழந்தையையே கேட்டுவிடலாம் என்று குனிந்து, "தம்பி, உன் பேரு என்ன?" என்றார். பையன் நிமிர்ந்து நின்று, "சின்னவரு" என்றான்.

அவனும் என்ன செய்வான் மாமா, அவன் பேரை அவன் கேட்டதே இல்லை. அத்தை அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள். நானோ மாமனார் பேரைச் சொல்லி வாடா போடா என்று எப்படி அதட்டுவது? அதனால் பிறந்ததிலிருந்து வீட்டில் சின்னவர்தான். அத்தை ஒருபடி மேலே போய், "சின்னவரே, எழுந்து வாங்க, கேப்பைக் கூழு ஆறுது" என்று அவனுக்கு ங்க போட்டுத்தான் பேசுவார்கள். அவன் பாயை நனைத்தால்கூட, "சின்னவரு போயிட்டாங்க, துணி கொண்டா" என்றுதான் குரல் வரும்.

ஆபீசர் கடைசியில் சொன்னது இதுதான். "பதினைஞ்சு நாள் டைம் தரேம்மா. திருத்தின பர்த் சர்டிபிகேட் கொண்டாங்க. வரலைன்னா இதுல என்ன பேரு இருக்கோ அப்படியே பிரிண்ட் ஆயிடும்." வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியை வைத்து ஞாயிறு, பண்டிகை எல்லாம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த புதன் வரை நேரம் இருக்கிறது.

அத்தையைச் சம்மதிக்க வைத்து இந்த வாரம்தான் திண்டிவனம் கூட்டிப்போனேன். பேர் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவரே நேரில் வந்து சரியான பேரைச் சொல்ல வேண்டுமாம். அத்தைக்குத் தன் பேரை எழுத மட்டும்தான் தெரியும், அதனால் எழுதிக் காட்டவும் வழியில்லை. அங்கே பதிவு ஆபீஸ்காரரோடு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சொல்லுங்கம்மா, பேரனுக்கு என்ன பேரு?"

"அதாங்க. ஏழு மலை மேல நிக்கறாரே, அவரு பேரு."

"கோவிந்தனா?"

"இல்லீங்க."

"சீனிவாசன்? பாலாஜி?"

"கிட்ட வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம்."

"இது விடுகதை இல்லம்மா, கவர்மெண்ட் ரெக்கார்டு. வாயத் தொறந்து சொல்லணும்."

"நீங்களே சொல்லுங்க, நான் தலயாட்டறேன்."

"போன தடவையும் தலைதானே ஆட்டினீங்க?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஊட்டம்மா உங்க பேரச் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "என்னைப் பத்தி அவங்க சொல்றத எல்லாம் இங்க சொல்ல முடியாதும்மா. திங்கக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டினதும் அத்தையே மெதுவாகப் பேசினார்கள். "அவரு இருந்தப்பவே கூப்டதில்ல. இப்போ கூப்ட்டு, யாரு கூப்புடறதுன்னு அவரு திரும்பிப் பாத்துட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? சும்மா கூப்ட்டேன்னு சொல்ல முடியுமா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று நாளாகப் பழக்கிப் பார்க்கிறேன். முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க அத்தை என்றால் "வெ" என்கிறார்கள், அடுத்து "வெயிலு", "வெல்லம்", "வெளக்குமாறு" என்று வேறு எங்கெங்கோ போய்விடுகிறார்கள். நேற்று கொஞ்சம் இறங்கி வந்து, "பெரியவரு வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். பெரியவர் என்றால் தாங்கள்தான். ஆகவே எப்படியாவது திங்கட்கிழமை வந்துவிடுங்கள். உங்கள் தம்பி பேர் நிலைக்கட்டும், உங்கள் பேரன் அவன் அப்பாவைச் சார்ஜ் போடாமல் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்.

பெரிய அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசீர்வாதம் இந்த வீட்டுக்கு எப்போதும் போல இருக்கட்டும். மூட்டுக்குத் தைலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வைத்திருக்கிறேன், திங்களன்று தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பு. புனிதா.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்கு வேண்டிய ஜெராக்ஸ் எடுக்க விழுப்புரம் போய்விட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது மாமா. பதினைந்து நாளில் நான் லீவு நாளையெல்லாம் கழித்து எண்ணிக்கொண்டிருந்தேன், அவர்கள் கழிக்கவில்லை போலிருக்கிறது. பாஸ்போர்ட் அச்சடித்துத் தபாலிலேயே வந்துவிட்டது. தபால்காரர் வாசலில் நின்று, "ஜெகதீசன்னு யாருனா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். நான் மூன்று நாளாகக் கொடுத்த பயிற்சி அத்தைக்கு அந்த நேரம் பார்த்துப் பலித்துவிட்டது. வாசலுக்கு வந்து, தெருவே கேட்கிற மாதிரி, "அப்படி யாரும் இங்க இல்ல. எம் பேரன் பேரு வெங்கடாசலம்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் அதை உறையில் எழுதிக்கொண்டு திருப்பி எடுத்துப்போய்விட்டார்.

அஞ்சம்மாள் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். சொன்னதும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்களாம். பின்னால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த சின்னவர் திரும்பிப் பார்த்து, "என்னா ஆயா?" என்றானாம். யாரோ திரும்பிப் பார்க்கப் போகிறார் என்று அத்தை இத்தனை வருஷம் பயந்தார்கள், திரும்பிப் பார்த்தது இவன்தான். அதோடு அத்தை பயம் போய்விட்டது. போனது நல்லதுதான், ஆனால் இப்போது நிறுத்த முடியவில்லை. நான் வந்து சேர்ந்ததிலிருந்து நாற்பது தடவையாவது கூப்பிட்டிருப்பார்கள். மூலைக்கடைக்காரரை வேலையே இல்லாமல் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். அவர் கம்பெனி கிளார்க்கைக் கேட்டுவிட்டு, விசா மனுவில் பேரை மாற்ற அரைமணி நேர வேலைதான், பாஸ்போர்ட்டில் இருப்பதையே போட்டுக்கொள்ளலாம் என்கிறார். "ஜெகதீசனோ வெங்கடாசலமோ, யாரையாவது ஒருத்தரக் கூட்டிக்கினு வா புனிதா" என்றார். ஆனால் உறை இப்போது விழுப்புரம் தபால் ஆபீசில். இல்லை என்று சொன்னவரே நேரில் வந்து, இருக்கிறார் என்று வாயால் சொன்னால்தான் கொடுப்பார்களாம். அதுவும் திங்கட்கிழமை பத்து மணிக்குள்.

ஆகவே பெரிய மாமா, மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். திண்டிவனம் போகாதீர்கள், நேரே விழுப்புரம் வாருங்கள். வந்து அத்தையிடம், "குப்பம்மா, அந்தப் பேரைச் சொல்லாதம்மா, தப்பு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். தபால் ஆபீசிலும் வெங்கடாசலம் என்றுதான் சொல்வேன் என்கிறார்கள், நான் சொன்னால் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஜெகதீசன் இருந்துவிட்டுப் போகட்டும், வளைகாப்பில் சொன்ன பேரை வீட்டில் அத்தை ஒருவரே ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதில் தங்களுக்குக் குறை வராது.

இன்னொன்று. இந்தக் கடிதத்தை இப்போதுதான் தபாலில் போடுகிறேன். அங்கே தபால்காரர் வந்து பச்சைமுத்து யார் என்று கேட்டால் நீங்களே வாசலுக்குப் போங்கள். பெரிய அத்தை உங்கள் பேரைச் சொல்ல மாட்டார்கள். கடிதம் கைக்கு வரவில்லை என்றால் உடனே எனக்குப் போன் பண்ணவும். ஸ்பீக்கரில் வேண்டாம்.