வீட்டுப் பல்லிக் குழு

எங்கள் வீட்டு ஹாலை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டேன். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஹால் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சோபா, ஒரு மின்விசிறி, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இரண்டுக்கும் நடுவில் நான். புத்தக பைண்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. புத்தகங்களைத் தைத்திருக்கிறேன், ஒட்டியிருக்கிறேன், வெட்டியிருக்கிறேன். படித்ததில்லை. படிப்பு ஐந்தாவதோடு சரி.

கல்யாணம் தாமதம். மகளுக்கு இப்போதுதான் ஒன்பது வயது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் என் மனைவியே பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அது சமையலறை மேசையோடு நின்றவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

"என்னங்க, பிள்ளைக்குத் துணை வேணும். எத்தனை நாளைக்கு என் மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருப்பா?"

"நான் பார்க்கலையா?"

"அதான் அவளையாவது காப்பாத்தலாம்னு. இந்தப் பக்கம் வீட்டுலயே படிக்கிற பிள்ளைங்க நாலஞ்சு பேராவது இருக்கும். சேர்த்து ஒரு குழு ஆரம்பிக்கப் போறேன். தினம் ரெண்டு மணிக்கு, நம்ம ஹால்ல."

"அங்க ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்கேம்மா. நான் பள்ளிகொள்ற இடம்."

"அப்ப பேரைக்கூட மாத்த வேண்டாம். உங்க கையெழுத்து நல்லா இருக்கும். ஒரு நோட்டீஸ் எழுதி மளிகைக்கடைக் கண்ணாடியில ஒட்டிட்டு வாங்க. 'வீட்டுப் பள்ளிக் குழு. பிள்ளைகளோடு வரவும். சனிக்கிழமை ஆரம்பம்.' விலாசம், நேரம். அவ்வளவுதான்."

மறுத்துப் பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் எனக்குக் கிடையாது. ஆனால் மூளை உண்டு. பேனாவைத் திறந்ததும் அது வேலை செய்தது. பள்ளியிலிருந்த 'ள'க்களைக் கழற்றிவிட்டு 'ல'க்களை மாட்டினேன்.

வீட்டுப் பல்லிக் குழு.

சுவரில் ஓடுகிற பல்லிக்குக் குழு என்றால் எவன் வருவான்? மனைவி கேட்டால், ஐந்தாவது படித்தவனுக்கு எந்த 'ல' என்று எப்படித் தெரியும் என்று சொல்லிவிடலாம். என் படிப்பு முதல்முறையாக எனக்கு உதவப்போகிறது.

சனிக்கிழமை இரண்டு மணி. சோபாவில் சாய்ந்தேன். காலை நீட்டுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு அம்மா, கையில் ஒரு பையன்.

"பல்லி இங்கதானே சார்? நோட்டீஸைப் பார்த்ததுல இருந்து இவன் என்னைத் தூங்க விடல."

"என்னையும்தான்" என்றேன்.

கதவைச் சாத்துவதற்குள் இன்னும் நால்வர். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னும் சிலர். ஒரு சிறுமி ஓட்டை போட்ட டப்பாவில் ஓணான் கொண்டுவந்திருந்தாள். உறவுமுறை என்று நினைத்தாளோ என்னவோ. கடைசியாக எதிர்வீட்டு பிளம்பர், பிள்ளை இல்லாமல்.

"எங்க கிச்சன்ல நாலு இருக்குண்ணே. எப்ப வந்து பிடிப்பீங்க?"

"நாங்க பல்லி பிடிக்கறதில்லப்பா."

"பிடிக்காதவர் எதுக்குண்ணே குழு ஆரம்பிச்சீங்க?"

அதற்குள் மனைவி கை துடைத்தபடி வந்தாள். முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை.

"எல்லாரும் உள்ள வாங்க. சோபாவை இவர் ஓரமாத் தள்ளிடுவார். டியூப்லைட்டுக்குப் பின்னால ஒருத்தர் இருக்காரு, சத்தம் போடாமப் பாருங்க. கால்ல எத்தனை விரல்னு யார் முதல்ல சொல்றீங்க?"

பதினோரு பிள்ளைகள் மூச்சுவிடாமல் அண்ணாந்து பார்த்தார்கள். எப்போதும் தனியாகவே விளையாடும் என் மகள், ஓணான்காரியின் தோளில் கை போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. சோபாவைத் தள்ளினேன்.

எல்லோரும் போனதும் சமையலறையில் விசாரணை.

"என்னங்க, பள்ளிக்கு எந்த ளி?"

"அஞ்சாவதுதானேம்மா படிச்சேன். இந்த ல, ள எல்லாம் எனக்கு எப்பவும் குழப்பம்."

"நீங்க ஒட்டின அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் திருத்தல?"

"சரியா எழுதியிருந்தா ரெண்டு பேர் வந்திருப்பாங்க. வந்ததுல ஆறு பேர் பல்லி பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, சரி. அஞ்சு பேர் வீட்டுலயே படிக்கிறவங்க. அஞ்சும் சேர்ந்தாச்சு. உங்க மூளையை நான் என்னிக்குங்க குறைச்சு எடை போட்டேன்? ஆனா குழப்பம்னு சொன்னீங்க பாருங்க, அதை அப்படியே விடக் கூடாது."

திங்கட்கிழமை குழு முறைப்படி தொடங்கியது. மகளோடு ஆறு பிள்ளைகள். ஏழாவது நான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது மனைவியின் ஏற்பாடு. எனக்கு எழுத்துப் பாடம் எடுப்பவள் என் மகள். சரியாக இரண்டு மணிக்குப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். நேற்று கொட்டாவி விட்டதற்கு எழுந்து நிற்கச் சொன்னாள்.

இன்று மெதுவாக, "டீச்சர், நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்" என்று கேட்டேன்.

"வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றாள்.