நாங்கள் காப்பாற்றிய கல்மண்டபம்

மனித குலத்தின் ஞாபகம் கல்லில்தான் இருக்கிறது. அந்தக் கல்லை அலங்காநல்லூருக்கு வடக்கே காப்பாற்றி வருபவர்கள் நாங்கள் ஏழு பேர். தொன்மைப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் அடக்கத்துடன் இதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கண்மாய்க் கரையில் இருக்கும் நானூறு வருடத்து மண்டபத்தைப் பற்றி மதுரை சிம்மக்கல்லில், மின்விசிறி உள்ள ஓர் அறையில், பதினோரு கூட்டங்கள் நடத்தினோம். பிறகு நேரில் போய்ப் பார்த்தோம். உள்ளே ஆடுகள்! கூரையிலும் ஆடுகள்! பின்புற மண்மேட்டு வழியாக ஏறியிருந்தன.

"ஏம்மா, இது நாட்டோட சொத்து தெரியுமா?" என்றார் தலைவர் பாண்டிராஜ்.

"மழைக்கு ஒதுங்க எனக்கு வேற எடமில்லண்ணே" என்றாள் ஆட்டுக்காரி தங்கப்பொண்ணு. "மேல மொளைக்கிற அரசங்கன்ன எல்லாம் இதுகதான் கடிச்சுப் போடுது. இல்லன்னா வேரு எறங்கிரும்."

ஆடு கல்லைக் காப்பாற்றுகிறதாம்! எழுவரும் நாகரிகமாகச் சிரித்தோம். அந்த வாரமே கம்பிவேலி, கேட், பூட்டு. சாவி தலைவரிடம். அந்த ஐப்பசி மழையில் தங்கப்பொண்ணு இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்தாள். "வரலாற்றுக்குச் சில தியாகங்கள் தேவை" என்று தலைவர் இரங்கல் தெரிவித்தார்.

மறு வருடம் அவள் எங்களைத் தேடி சிம்மக்கல்லுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, கூரையில அரசங்கன்னு இம்புட்டு ஒசரம் வந்திருச்சு. ரெண்டே நாளு ஆட்ட உள்ள விடுங்க. நான் காசு கீசு கேக்கல."

"அரசமரம் புனிதம்மா. ஆட்டை விட்டுத் திங்கச் சொல்றியா?"

"வேருக்குப் புனிதம் தெரியுமாண்ணே? கல்லைப் பொளந்துரும்."

இந்த நியாயமற்ற கேள்வி குறிப்பேட்டில் ஏற்றப்படவில்லை. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தீர்மானித்தோம். ஏணி வைத்து ஏறி, முறை வைத்து ஊற்றினோம். நன்றாக வளர்ந்தது.

நான்காம் வருடக் கார்த்திகையில் கூரை விழுந்தது. இரண்டு தூண்கள் மிச்சம், மரத்துக்குச் சேதமில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி படிவத்தை விரித்தார். "இந்த நாலு வருசத்துல உள்ள யாரெல்லாம் போனது?"

தங்கப்பொண்ணு வேலிக்கு வெளியிலிருந்தே எங்களைக் கைகாட்டினாள். "இந்த ஏழு அண்ணன்மாரும்தான் சார். ஒரு ஆட்டுக்குட்டிய அண்ட விடல. அம்புட்டுப் பாதுகாப்பு."

தலைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு தலையசைத்தார். நாங்களும் அசைத்தோம்.

இனிஷியல் முதற்கொண்டு கேட்டு, ஏழு பெயரையும் அதிகாரி ஒரு பிழையில்லாமல் எழுதிக்கொண்டார். எந்தத் தலைப்பின் கீழ் என்று அவர் போன பிறகுதான் அவருடைய அலுவலகத்தில் விசாரித்தோம்: "இடித்தவர்கள்."