ஸிப் கோப்பும் சம்பந்தி வீட்டாரும்

சலதிகா,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணன் கார்யோ அவர்களுக்குத் தம்பி சுடார்சோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையும் நானும் விடாமல் புலம்பிக்கொண்டிருக்கிறோம். சுரபாயாவில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க ஆண்டவன் அருளட்டும்.

என் மகள் லாராஸ் சம்பளமில்லாத வேலையில் மிகப் பெரிய பதவி வகிக்கிறாள். கணினியை இயக்கும் கெனாரி என்ற லினக்ஸைத் தொகுத்து ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் குழுவில், அதனுடன் எந்தெந்த மென்பொருள் கூடவே வரவேண்டும் என்று முடிவு செய்பவள் அவள்தான். போன மாதம், பல கோப்புகளை ஒரே மூட்டையாக்கும் ஸிப் கோப்புகளைக் கட்டவும் பிரிக்கவும் காலங்காலமாக இருந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தாள். பழையதை எழுதியவர் அதை அநாதையாக விட்டுவிட்டாராம், அதில் ஓட்டையாம், அது வழியாகத் திருடன் கணினிக்குள் புகுவானாம். நல்ல காரியம்தானே என்று நானும் பெருமைப்பட்டேன். மறுநாளே முகம் தெரியாதவர்களெல்லாம் அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

இந்த நிலையில்தான் ஞாயிறன்று கிளாத்தெனிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் ஹனுங் ரொம்ப அடக்கம். தன் பெயரைக்கூட அப்பா சொல்லட்டும் என்று காத்திருந்தான். அப்பா பாக் திர்தோ ஓய்வுபெற்ற நில அளவையாளர். பலகாரத் தட்டிலிருந்து லும்பியாவைக் கையில் எடுத்தவர் பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல. என் கெனாரில ஸிப் பிரிக்கிறதை எவனோ ஒரு மடையன் மாத்திட்டான். முன்னே ஒரு பொத்தானை அமுக்கினா ஒழுங்கா பிரியும். இப்ப பிரிச்சா வரைபடமெல்லாம் நெல்லு கொட்டின மாதிரி சிதறுது. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

நான் லாராஸுக்குக் கண்ணைக் காட்டினேன். புரியாதவளா அவள்? புரிந்தேதான் சொன்னாள்:

"அந்த மடையன் நான்தான் மாமா."

"நீயாம்மா? அப்ப முதல்ல பழசைத் திரும்ப வை. கல்யாணத்தை அப்புறம் பேசலாம்."

"முடியாது மாமா. ஓட்டைப் பானையில உங்களுக்குத் தண்ணி குடுப்பேனா?"

"நான் தண்ணியா கேட்டேன்? என் பொத்தானைக் கேட்டேன்!"

என் மனைவி நடுவில் புகுந்து, "ரெண்டையும் வச்சிட்டாப் போச்சு" என்றாள். அண்ணே, லினக்ஸ்காரர்களிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள்! "ஒரு வேலைக்கு ரெண்டா?" என்று இருவரும் ஒரே குரலில் அவள்மேல் பாய்ந்தார்கள். சம்பந்தம் ஒட்டியது அந்த இடத்தில்தான். லாராஸ் அவருடைய மடிக்கணினியை வாங்கி அமைப்புகளுக்குள் எங்கோ ஒரு குறியைத் தட்டினாள். வரைபடங்கள் தனித்தனி உறைக்குள் ஒழுங்காகப் போய் நின்றன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பழசை விட இது தேவலையே! இதையாவது யாரும் தொடாம பாத்துக்கம்மா" என்றார். அவள் தலையாட்டிய மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். நீங்கள் வந்து முன்னின்று நடத்தினால்தான் எனக்குத் தெம்பு. அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
சுடார்சோ

பி.கு.: தபால்தலை ஒட்டும்போது லாராஸ் வந்து சொல்கிறாள்: அடுத்த பதிப்பில் புதியதும் கிடையாதாம். கோப்புகளைக் காட்டுகிற மென்பொருளே ஸிப்பையும் பிரித்துக்கொள்ளுமாம். குழுவில் அதை முன்மொழிந்தவள் அவளே. இந்த வாரம் குழுவில் சேர்ந்து, முதல் ஆளாக அதை ஆதரித்து ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளியிருப்பவன், வாயே திறக்காத நம் மாப்பிள்ளை ஹனுங். பாக் திர்தோவுக்கு இன்னும் தெரியாது. ரயில் டிக்கெட் இப்போதைக்கு எடுக்கவேண்டாம்.