பன்னிரண்டும் ஒரே ருசி

இரண்டாவது பாட்டில் முதல் பாட்டிலைப் போல இல்லை.

முதல் பாட்டில் புளித்துப் போயிருந்தது. ஜாபெஸ் ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது கசந்தது. காய்ச்சலுக்குத் தரும் கஷாயத்தில் யாரோ வெல்லத்தைப் போட்டு மறந்துவிட்டது போல இருந்தது. இரண்டிலும் ஒரே லேபிள். ஒரே வருடம்.

"ஏனுங்க, மூணாவதையும் பாத்துருங்க" என்றாள் மனைவி அற்புதம்.

மூன்றாவது நன்றாக இருந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குது."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"இதுக்கு என்ன வெவரம் சொல்றது?"

ஜாபெஸ் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலாளி ஜீவானந்தம், மகள் தீபிகா பிறந்த வருடம் வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு பாட்டில் சிவப்பு வைன் வரவழைத்தார். பங்களாவின் நிலவறையில் அடுக்கினார். பாப்பா கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்றார். படிக்கப் போன பாப்பா வெளியூரிலேயே தங்கிவிட்டாள். கல்யாணமும் நடக்கவில்லை. போன வருடம் ஜீவானந்தம் இறந்தார்.

புதன்கிழமை தீபிகா பெங்களூரிலிருந்து போன் செய்தாள்.

"சனிக்கிழமை வர்றேன் அங்கிள். அப்பா வெச்ச வைனைத் திறக்கணும். உங்க வீட்டு விஷயத்தையும் அப்பவே பேசிடலாம்."

வீடு என்பது பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை ஓட்டு வீடு. ஓய்வு பெற்ற பிறகும் இரு என்றார் முதலாளி. இருந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. போவதற்கு வேறு இடமும் இல்லை.

வியாழக்கிழமை நிலவறைக்குப் போய்த் தூசி துடைத்தார். ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஏரித் தண்ணீர் மழைக்குக் கலங்கியது போல இருந்தது. அதனால்தான் திறந்தார். தக்கை இழுத்தவுடன் வந்துவிட்டது. ஈரம் என்று நினைத்துக்கொண்டார்.

அற்புதத்தின் தம்பி ஜெப்சன் ஏரிக்கரையில் ஓர் ஓட்டல் பாரில் வேலை செய்தான். அவனுக்குப் போன் போட்டார்கள்.

"மாமா, பாட்டிலை நிக்க வெச்சிருந்தீங்களா, படுக்க வெச்சிருந்தீங்களா?"

"நிக்கத்தான். படுக்க வெச்சா லேபிள் தெரியாதில்ல?"

"தக்கை காஞ்சிருமுங்க. காத்து பூந்துரும். சரி, வேற எதுவும் பண்ணலையில்ல?"

"ஆட்டுனேன்."

"என்னதுங்க?"

"பாட்டிலை எடுத்து நல்லா ஆட்டி வெப்பேன். வாரா வாரம். ஞாயித்துக்கெழமை கோயில் முடிஞ்சு வந்து."

"எத்தனை வருசமா?"

"முப்பது."

போனில் ஒரு கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மாமா, அது நகராம கெடந்தாத்தான் வண்டல் அடியில எறங்கும். கசப்பு போகும். நீங்க அதை ஒரு வாரம்கூடத் தூங்க உடலீங்க."

ஜாபெஸுக்கு வைன் என்றால் அற்புதம் கிறிஸ்மஸுக்குப் போடும் வைன்தான். ஜாடியில் திராட்சையைப் பிசைந்து, இருபத்தொரு நாள் காலையில் மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். கிண்டாவிட்டால் பூசணம் பிடிக்கும். முதலாளி நல்லா பாத்துக்க என்று சொல்லி ஒரு சாவியைக் கொடுத்தார். ஜாபெஸ் நல்லா பார்த்துக்கொண்டார். அவருக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறுகளில் அற்புதம் போய் ஆட்டினாள்.

"நானும் ஆட்டியிருக்கறேன்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அந்த வீட்டில் குற்றத்தைப் பங்கு போடுவது வழக்கம்.

மற்ற ஒன்பதையும் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. திறந்தார்கள். ஒன்றில் நாவல்பழம். ஒன்றில் ஈர மண். ஒன்றில் பழைய செருப்பு. ஒன்றில் எந்த ருசியுமே இல்லை. பன்னிரண்டில் மூன்றுதான் தேறியது.

ஜெப்சனுக்கு மறுபடியும் போன் போட்டார்கள்.

"எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தீருங்க மாமா. நல்லது கெட்டதைத் தூக்கிரும்."

வெள்ளிக்கிழமை பிரியாணி அண்டாவைக் கழுவி, பன்னிரண்டையும் ஊற்றினார்கள். கெட்டது நல்லதை இழுத்துக்கொண்டு போனது. அற்புதம் சர்க்கரை போட்டாள். பாகு மாதிரி ஆனது. சர்க்கரையை அடக்க ஜாபெஸ் எஸ்டேட் காபியில் டிகாக்‌ஷன் இறக்கி ஊற்றினார். வண்டலை எடுக்க வேட்டியில் வடிகட்டினார்கள். வேட்டி போயிற்று. அளந்து பார்த்தபோது ஒரு பாட்டில் குறைந்தது. அற்புதம் போன கிறிஸ்மஸில் மிச்சமிருந்த வைனைக் கொண்டுவந்து அண்டாவில் சேர்த்தாள். பிறகு பாட்டில்களில் நிரப்பி, தக்கையை அழுத்தி, மெழுகுவத்தியை உருக்கி மூடினார்கள்.

ஜாபெஸ் கடைசியாக ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்களா?"

"இல்ல. ஆனா பன்னெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

"அதுதானுங்க ஞாயம்" என்றாள் அற்புதம். "ஒரே வைன்னா ஒரே மாதிரிதான இருக்கோணும்?"

சனிக்கிழமை மூடுபனி சன்னல் வரை வந்து நின்றது. தீபிகாவுக்குச் சமைக்கச் சின்னத்தாயி வந்திருந்தாள். ஜீவானந்தத்துக்குக் கடைசிவரை சமைத்தவள். அவர் இறந்த பிறகு தன் ஊருக்குப் போய்விட்டாள்.

தீபிகா அப்பாவின் நாற்காலியில் உட்காராமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜாபெஸ் நான்கு பாட்டில்களை மேசையில் வைத்தார்.

"மெழுகு யாரு வெச்சது?"

"எறும்பு வருமுங்க பாப்பா."

அவள் தலையசைத்தாள்.

"அப்பா போனப்புறம் ஒரு கிளாஸ்ல சேர்ந்தேன் அங்கிள். வைனைப் பத்திக் கத்துக்க. எனக்காக முப்பது வருசம் வெச்சிருந்ததை ஒண்ணும் தெரியாம குடிச்சிடக் கூடாதில்ல?"

"நல்லதுங்க" என்றார் ஜாபெஸ்.

முதல் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். கிளாஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"செங்கல் நிறம். வயசானா இப்படித்தான் ஆகும். சிவப்பு போயிடும்." முகர்ந்தாள். "நாவல்பழம். அப்புறம்... காபி."

"காபி வருமுங்களா?"

"நல்ல வைன்ல வரும்."

ஜாபெஸ் இரண்டு நாளில் முதல் தடவையாக முழுசாக மூச்சு விட்டார். கதவுக்குப் பின்னால் அற்புதமும் விட்டாள்.

தீபிகா இரண்டாவதைத் திறந்தாள். குடித்தாள். முதல் கிளாஸை மறுபடியும் எடுத்துக் குடித்தாள். மூன்றாவதைத் திறந்தாள். நான்காவதையும் திறந்து குடித்தாள்.

"அங்கிள், இது நாலும் ஒரே ருசி."

"ஒரே வைன்தானுங்களே பாப்பா."

"முப்பது வருசம் ஆயிடுச்சே. ஒவ்வொரு தக்கையும் ஒவ்வொரு மாதிரி காத்து விடும். ஒண்ணு கெட்டுப்போகும், ஒண்ணு பிரமாதமா வரும். ஒரே பெட்டியில வந்திருந்தாலும் இதுக்குள்ள ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இருக்கவே முடியாது." கிளாஸை வைத்தாள். "என்ன பண்ணுனீங்க?"

ஜாபெஸ் சொன்னார். அண்டா, சர்க்கரை, டிகாக்‌ஷன், வேட்டி. ஆட்டியதையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து அற்புதம், "நானும் ஆட்டுனேனுங்க கண்ணு" என்றாள்.

தீபிகா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் ஜாபெஸ் நின்ற இடம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எது எப்படி இருந்துச்சுன்னு எழுதி வெச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்பா என்கிட்ட எதையும் வாய் விட்டுச் சொன்னதில்ல. போன்ல சாப்பிட்டியான்னு கேப்பாரு. வெச்சிடுவாரு. இதுலயாவது அவரு ஏதாவது விட்டுட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேன்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பன்னெண்டும் பன்னெண்டு மாதிரி இருந்திருக்கும். நீங்க ஒண்ணாக்கிட்டீங்க."

"தப்புதானுங்க."

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க அங்கிள். சாவியை மேசையில வெச்சிடுங்க."

ஜாபெஸ் வைத்தார். நிலவறைச் சாவி, பங்களாச் சாவி, கேட் சாவி. அவருடைய வீட்டுச் சாவியும் அதே வளையத்தில் இருந்தது. அதைக் கழற்ற நேரமாயிற்று. நகம் உடைந்தது. தீபிகா திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.

அற்புதம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தாள். அண்டாதான் முதலில் வெளியே வந்தது.

ஜாபெஸ் சமையலறை வழியாக வெளியே போனார். சின்னத்தாயி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, அக்கா எதுக்குங்க மூட்டை கட்டுறாங்க?"

"ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"எதுக்குங்க?"

"ஐயா வெச்ச வைனு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருந்துச்சு சின்னத்தாயி. நாங்க புத்தியில்லாம எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திப்போட்டோம்."

சின்னத்தாயியின் கை புளித் தண்ணீரில் நின்றது. கூடத்தை எட்டிப் பார்த்தாள். தீபிகா இன்னும் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னத்தாயி கதவைச் சாத்தினாள்.

"சொன்னா பாப்பா தாங்காது, அதனால நீங்களும் சொல்லிராதீங்க" என்றாள். "பாப்பா பொறந்தநாளுக்கு வராத வருசமெல்லாம் ஐயா ஒரு பாட்டலைத் தனியா உக்காந்து குடிச்சு முடிச்சுப்போட்டு, அந்த வருசம் தோட்டத்துல எந்தப் பழம் கெடந்துச்சோ அதைப் புளிக்க வெச்சு ஊத்தி மூடச் சொல்லுவாருங்க, பன்னெண்டும் நான் ஊத்துனதுதானுங்க."