பொத்தானை விடுங்க மாமா

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே என் எலும்புகள் அனைத்தும் நலம். உன் ரத்த அழுத்தத்தின் நலம் அறிய ஆவல். இதை உட்கார்ந்து படிக்கவும்.

விமானம் ஓட்டும் வேலையை விட்டுவிடும்படி உன் மகளிடம் நயமாகப் பேச என்னைத் தூது அனுப்பினாய் அல்லவா? அவளோ, "பேசணும்னா மேல வந்து பேசுங்க மாமா, கீழ எனக்கு நேரமில்ல" என்று தன் குட்டி விமானத்தில் ஏற்றிவிட்டாள். விமானமா அது? நம் பழைய காருக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. கதவைக்கூட அதே மாதிரி அறைந்துதான் சாத்தினாள். மேலே போனதும் தொண்டையைச் செருமி, "பாப்பா, உங்கம்மா நிம்மதியா தூங்கி மாசக்கணக்காச்சு" என்று ஆரம்பித்தேன், டமார்! முன்கண்ணாடியில் ஒரு புறா. சாதாரணப் புறாதான், ஆனால் செங்கல்லை விட்டெறிந்த மாதிரி கண்ணாடி முழுக்க விரிசல், விரிசல் மேல் இறகு, அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிடித்துக்கொள்ள வேறெதுவும் அகப்படாமல் முன்னால் தொங்கிய மைக்கைப் பிடித்தேன். கூடவே அதன் பொத்தானும் அமுங்கியது எனக்கெப்படித் தெரியும்? "ஐயோ அக்கா! பாப்பாவுக்கு இந்த வேலை வேணாம்னு சொன்னியே! வீட்டுக்காரிகிட்ட சொல்லாம வேற வந்துட்டேனே, உயிரோட போனாலும் கொன்னுடுவாளே!" மூச்சு வாங்கக் கை தளர்ந்த நேரம், காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு குரல், அவர்களுக்கும் நான் மாமாவாம்: "மாமா, கீழ கன்ட்ரோல் ரூம்லேருந்து பேசறேன். பொத்தானை விடுங்க. நீங்க அழுத்திட்டே இருந்தா நாங்க பேசறது பாப்பாவுக்குக் கேக்காது. பாப்பாவை ஓட்ட விடுங்க."

விட்டேன். உன் மகள் பக்கத்து ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்துப் பார்த்து, பூ மாதிரி இறக்கினாள். நீ ஊசியில் நூல் கோக்கும்போது வைத்துக்கொள்வாயே, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, அதே முகம். இறங்கியதும், "பாவம் மாமா" என்றாள். புறாவைச் சொன்னாள்.

இப்போது மெக்கானிக் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் நான் "பொத்தான் மாமா". குடும்ப மானம் காற்றோடு போயிற்று. ஆகவே நீ நினைத்ததே சரி. நாளைக்கே அவளை வேலையை விடச் சொல்லிவிடு. அத்தானுக்கு என் வணக்கமும், உனக்கு நல்ல தூக்கமும்.

உன் தம்பி

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது பாப்பா வந்தாள். புதுக் கண்ணாடி போட்டாயிற்றாம். "பேச வந்ததை பாதியில விட்டுட்டீங்களே மாமா!" என்றாள். மறுபடி அவளோடு மேலே போய் வந்தேன். என்ன பேச வந்தேன் என்பதே மறந்துவிட்டது. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அக்கா, நீயும் பொத்தானை விடு. பாப்பா ஓட்டட்டும்.