முட்டையும் தேங்காயும் மாடியிலிருந்து இறங்கிய படலம்

வாழ்க வசந்தாமணி! இயற்பியலில் இளங்கலை வென்று, அப்பட்டத்தைப் பீரோவின் அடித்தட்டில் பட்டுச்சேலைகளுக்குக் கீழே பதினோராண்டு வனவாசம் வைத்து, ஏழாயிரம் கோழிகளுக்கும் ஒரு கணவனுக்கும் வேளை தவறாமல் தீனியிட்ட நாமக்கல் சீமையின் வீராங்கனையே, நின் புகழ் ஓங்குக!

அவளுக்கு டவுன் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. திங்களன்று சேர வேண்டும். முதல் பாடம், விழும் பொருள்கள். கனத்ததும் இலேசானதும் ஓருயரத்திலிருந்து விட்டால் ஒருசேரத் தரை தொடும் என்று ஞாயிறு மதியம் சோறு பரிமாறியபடியே அவள் ஒப்பித்துப் பார்க்க, தீவன மூட்டை சுமந்து திரண்ட தோளன், பண்ணைக்கோர் கோமான், அவள் கொழுநன் நாச்சிமுத்து, ரசத்தில் கைவைத்தபடியே வெகுண்டான்.

“இந்தப் பொய்யச் சொல்லித்தரவா புள்ள பள்ளிக்கூடம் போற? மாடியிலிருந்து தேங்காயும் முட்டையும் போட்டுப் பாப்போம், தேங்காய் முன்னால உழுந்துச்சுன்னா அந்த வேலையே வேண்டாம். ஊட்டுலயே இரு.”

ஆதலால், உச்சிக் கதிரவன் நடுவனாய் நிற்க, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் இருவரும் அணிவகுத்தனர். நாச்சிமுத்துவின் கையில் மட்டையுரித்த தேங்காய், மதயானையின் மத்தகம் போன்றது. வசந்தாமணியின் கையில் அன்று காலை இட்ட முட்டை, முழுமதியின் இளவல் போன்றது. கவசமோ காகிதத்தினும் மெலிது, கலக்கமோ கடுகளவும் இல்லை. கீழே சிமெண்டு வாசலில், அவர்தம் மகள் தனப்பிரியா சாட்சியாய்க் குந்தியிருந்தாள். மூன்றிலிருந்து இறங்கி எண்ணி, ஒன்று என்றதும் இருவரும் கைவிடுவது போர்விதி.

நாச்சிமுத்து எண்ணினான். மூணு. ரெண்டு. லாபம்.

தேங்காய் இடியேறென இறங்கி, வாசலில் பிளந்து, நீர் சிதறிக் கிடந்தது. முட்டை இன்னும் மாடியிலேயே இருந்தது.

“ஏனுங் மாமா, ஒன்னு எப்பங்க வரும்?” என்றாள் வசந்தாமணி.

முட்டை எண்ணினாலும் மூட்டை எண்ணினாலும் முதலாவதை லாபம் என்றே சொல்லிச் சொல்லி, ஒன்று என்னும் எண்ணையே நாவிலிருந்து நாடுகடத்திய குலத்தில் உதித்தவன் அவன். தேங்காய் கீழே, முட்டை மேலே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று வெற்றிமுரசு கொட்டினான். அம்மா இன்னும் விடவேயில்லை என்று சாட்சி கீழிருந்து ஆட்சேபித்தாள்.

வசந்தாமணி வாதாடவில்லை. மகளிடம் சொல்லி இன்னொரு தேங்காயை வரவழைத்து, அதை அவன் வலக்கையிலும் தன் முட்டையை அவன் இடக்கையிலும் வைத்தாள்.

“ரெண்டையும் நீங்களே புடிங்க. எண்ண வேண்டாம். கைய மட்டும் விரிங்க.”

விரித்தான். விரித்த அக்கணமே, மத்தகமும் மதியும், பெரியது சிறியது என்ற பேதம் மறந்து, ஒன்றையொன்று முந்தாமல், மணவறையை வலம்வரும் புதுமணத் தம்பதியரென இணைபிரியாது இறங்கி, தரை தொட்டபோது எழுந்த ஓசை ஒன்றே, இரண்டல்ல. முட்டை அங்கேயே வீரசொர்க்கம் எய்தியது.

“ஒன்னாத்தான் உழுந்துச்சுங்ப்பா” என்றாள் தனப்பிரியா.

மணிமுடி இழந்த மன்னவன்போல் நாச்சிமுத்து வாசலை நெடிது நோக்கினான். வெறுங்கைகளை வேட்டியில் துடைத்தான். திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று மனைவியைக் கேட்டான்.

எட்டு பத்துக்கு ஒன்று இருக்கிறது.